எட்டாம் நாள் சமைத்த சோறு

மடக்கு மேசைமேல் விரித்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிய வரைபடம் அது. மெர்போக் ஆறு அதில் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தேடி முடித்த கட்டத்தைத் துவான் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடிப்பார். ஏழாம் நாள் சாயங்காலம் அடிப்பதற்குக் கட்டம் மிச்சமில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். எதற்கென்று எனக்குத் தெரியும்.

மீட்புப் படையில் எங்கள் மாவட்டத்துக்கு அவர்தான் தலைவர். மலாய்க்காரர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, நாம் ஐயா என்பதுபோல் எல்லோருக்கும் துவான்தான். பேச்சுக் குறைவு, கோபம் வந்தால் இன்னும் குறையும். பதினோரு பேர் கொண்ட எங்கள் குழுவில் நான் ஒருவன்தான் தமிழன். அதனால் படகு தள்ளுவது, கயிறு இழுப்பதோடு, தமிழ்க் குடும்பங்களிடம் பேசும் வேலையும் என் தலையில் விழும். அந்த வேலைக்குப் பதில் இன்னும் நாலு படகு தள்ளச் சொன்னாலும் தள்ளியிருப்பேன்.

காணாமல் போனவர் செமிலிங் பக்கத்துத் தோட்டமொன்றில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் வலை வீசப் போனார். அவருடைய சம்பான் படகு கவிழ்ந்து கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அவர் மனைவி ஏழு நாளும் கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. படகு திரும்பும்போதெல்லாம் எழுந்து நிற்பார், எங்கள் முகத்தைப் பார்ப்பார், திரும்ப உட்கார்ந்துகொள்வார்.

"தேடலை நிறுத்துகிறோம் என்று நல்லவிதமாகச் சொல்" என்று துவான் மலாயில் சொல்லி அனுப்பினார். போனேன். வாயைத் திறப்பதற்குள் அந்த அக்கா கேட்டுவிட்டார்.

"தம்பி, நாளைக்கு எத்தன மணிக்கு வருவீங்க?"

"எட்டு மணிக்குக்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடம் யோசித்தும் பெரிய காரணம் எதுவும் அகப்படவில்லை. பயம், அவ்வளவுதான். "சொல்லியாச்சா?" என்று துவான் கேட்டதற்கும் தலையாட்டினேன். ஒரே சாயங்காலத்தில் இரண்டு பொய். வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

மறுநாள் காலை துவான் போன் செய்தார். தேடலுக்காகக் கரையில் போட்டிருந்த கூடாரத்தைப் பிரிக்க லோரியோடு ஆற்றுக்குப் போயிருக்கிறார். நான் வணக்கம் சொல்லி முடிக்கவில்லை. "அந்த அம்மாள் பதினோரு பேருக்குச் சமைத்துக் கொண்டு வந்திருக்கிறாள். வந்து சாப்பிடு" என்றார். வைத்துவிட்டார்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. ஏழு நாளாக அந்த அக்காவின் வீடு சாவு வீடா இல்லையா என்றே யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சாப்பாட்டில்தான் பிள்ளைகள் இருந்தார்கள். என் ஒரு வார்த்தையை நம்பி அந்த அக்கா விடியலில் அடுப்பு பற்ற வைத்து, தேங்காய்ப்பால் விட்டு நாசி லெமாக் சோறு ஆக்கி, நெத்திலிச் சம்பல் வதக்கி, வாழையிலை வைத்துப் பதினோரு பொட்டலம் கட்டியிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்ததும் துவான் ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். தானும் ஒன்றைப் பிரித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அக்காவோடு மூன்று பேரும் கூடாரம் இல்லாத வெற்று இடத்தில் உட்கார்ந்திருந்தோம். சம்பல் நல்ல உறைப்பு. எனக்கு ருசி தெரிந்தது, அதுதான் வெட்கமாக இருந்தது. கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன். துவான் கை கழுவிவிட்டு எழுந்து நின்றார். "இப்போது சொல்" என்றார்.

சொன்னேன். நேற்றே நிறுத்திவிட்டோம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்த அக்கா நாங்கள் சாப்பிட்ட இலைகளை எடுத்து மடித்தார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே தம்பி. கொழுந்தனாரு இன்னைக்குக் காரியத்துக்கு ஏற்பாடு பண்ணியிருந்தாரு. ஒடம்புக்குப் பதிலா பொம்ம செஞ்சு எரிச்சிரலாம்னாரு. நீங்க வருவீங்கன்னுதான் நா வேணாம்னு சண்ட போட்டேன் லா."

பிறகு மீதிப் பொட்டலங்களைப் பையில் அடுக்கி என் கையில் கொடுத்தார். "இத இனிமே வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. நீங்களே எடுத்துட்டுப் போங்க."

துவான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த அக்காவைத் தோட்டம் வரை லோரியில் கொண்டுபோய் விட்டோம். இந்த விஷயத்தைத் துவான் அதன் பிறகு ஒரு தடவைகூட எடுக்கவில்லை, என்னை வேறு வேலைக்கும் மாற்றவில்லை. அடுத்த குடும்பத்திடமும் என்னைத்தான் அனுப்பினார். அவர் ஓய்வு பெற்று இப்போது கோலா கெடாவில் மகளோடு இருக்கிறார். குலை வெட்டியவர் கடைசிவரை கிடைக்கவில்லை.

துவான் பார்த்த வேலையை இன்று நான் பார்க்கிறேன். போன மாதம் கோத்தா கோலா மூடாவில் ஒரு தகப்பனாரிடம், அவர் மகனைத் தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று நானே போய்ச் சொன்னேன்.

"நீங்க தமிழாளுதானே தம்பி? இன்னும் ஒரு நாளு தேடக் கூடாதா?"

"முடியாதுங்கய்யா. இன்னையோட நிறுத்தியாச்சு. வீட்டுல ஆக வேண்டியதப் பாருங்க."

அவர் மனைவி என்னைக் கல்நெஞ்சக்காரன் என்றார். இருக்கலாம். சொல்லும்போது எனக்குள் எதுவும் அசையவில்லை, உண்மை. ஆனால் அன்று பொழுது சாய்வதற்குள் அவர்கள் வீட்டுக்குப் போய் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.