கட்டியவர் கையெழுத்து

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில் கட்டுரைக்கு விட்டிருந்த பக்கத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டு வந்தவன் நான். அப்படிப்பட்டவன் ஐம்பத்திரண்டு வயதில் நோட்டு வாங்கி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. கையில் ஸ்பேனர் இருந்தால் கொஞ்சம் தைரியம் வரும். பேனா பிடித்தால் வருமா, தெரியவில்லை. ஆனாலும் இதை நான் எழுதாவிட்டால், நடந்ததை என் பெரியப்பா மகன் வேறு மாதிரி சொல்லி ஊரை நம்பவைத்துவிடுவார். அதற்கு நான் விடப்போவதில்லை.

பெரியப்பா மகனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மார்த்தாண்டத்தில் அவருக்குக் கார் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. பள்ளிக்கூடம் முடித்ததும் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஏழு வருஷம் இருந்தேன். முதலில் வண்டி கழுவினேன், பிறகு எஞ்சின் வேலைக்கு வந்தேன். அண்ணன் கையில் கிரீஸ் பட்டு நான் பார்த்ததில்லை. ஒருமுறை நான் எஞ்சினுக்கு மேல்மூடியாக இருக்கும் சிலிண்டர் ஹெட்டைத் தப்பாகக் கழற்றி வளைத்துவிட்டேன். பெல்ட்டை உருவி அடித்தார். ஏன் வளைந்தது என்று அவர் கேட்கவும் இல்லை, தெரிந்துகொள்ளவும் இல்லை. நான் தெரிந்துகொண்டேன்.

ஏழாவது வருஷம் பந்தயத்துக்கு ஒரு கார் கட்டச் சொன்னார். நாலு மாதம் அந்த எஞ்சினோடு கிடந்தேன். வண்டி ஜெயித்தது. போட்டோ எடுக்க வந்தவர்களில் ஒருவர், “இத யார் கட்டினது?” என்று கேட்டார். அண்ணன் தன் நெஞ்சில் கை வைத்தார். கேட்டவர் என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, “இவர் யாரு?” என்றார். புழுதி துடைக்க வாளியும் துணியுமாக நின்றிருந்தேன்.

“அவனா? நம்ம சித்தப்பாவுக்க மவன்லா. வண்டி கழுவுவான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் சொன்னதைவிட நான் சிரித்ததுதான் இன்றுவரை உள்ளே கிடந்து உறுத்துகிறது. அடுத்த மாதமே கல்ஃபுக்குப் போய்விட்டேன். அங்கே பணக்காரர்களின் கார்களுக்கு எஞ்சின் மாற்றிக் கட்டும் கடையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை. இடையில் கல்யாணத்துக்கு வந்தபோது அண்ணன் பெண் வீட்டாரிடம், “மாப்பிள்ள தங்கமான பய. வண்டி கழுவுனாம்ணா மூஞ்சி பாக்கலாம்” என்றார். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதை என் மனைவியும் கேட்டாள். அவள் என்னைப் போல மறைத்துவைக்கிறவள் இல்லை. இன்றுவரை அண்ணன் வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டில் அவள் பாயசத்தைத் தொட்டதில்லை.

ஊருக்கே திரும்பி வந்து சிதறால் பக்கம் அப்பாவின் ரப்பர் தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டோம். வந்த மூன்றாம் ஞாயிறு, ஆராதனை முடிந்து சபை வாசலில் நிற்கிறேன். அண்ணன் தன் கார் சாவியை என் கையில் வைத்தார்.

“மக்கா, வண்டியெல்லாம் காக்கா பீ. ஒரு கை வெள்ளம் அடிச்சு விடு. ஒனக்கு கைப்பழக்கம் உண்டுல்லா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த முறை நான் சிரிக்கவில்லை. ஆனால் கழுவினேன். வெள்ளைச் சட்டையோடு, ஐம்பது வயதில், சபைக் கிணற்றுத் தண்ணீரை மொண்டு கழுவினேன். மனைவி குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு முன்னால் நடந்து போய்விட்டாள்.

அதே வாசலில்தான் அண்ணன் ஒரு பந்தயத்தின் நோட்டீஸைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர் பக்கம் ஒரு பழைய விமான ஓடுபாதையில் நடப்பது. கால் மைல் தூரம், இரண்டிரண்டு வண்டியாக. அதில் சொந்தமாகக் கட்டிய வண்டிகளுக்கென்று ஒரு பிரிவு உண்டு; எஞ்சின் ஆயிரத்து அறுநூறு சி.சி.க்கு மேல் போகக்கூடாது. இரண்டு வருஷமாக அதில் அண்ணன் வண்டிதான் முதல். வெளியூரிலிருந்து சம்பளத்துக்கு வந்த ஒரு மெக்கானிக் கட்டியது அது. இன்னொருவர் ஓட்டுவார். கட்டியவர் என்ற இடத்தில் கையெழுத்து அண்ணனுடையது.

என் மனைவி பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்ப்பவள். அந்தப் பந்தயத்தின் விதிகளை ஆபீஸில் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். பாதி கேலியாகத்தான் சொன்னாள். பதினாலாவது விதி வந்தது. ஜெயித்த வண்டி மேல் யாராவது புகார் எழுதிக் கொடுத்தால், அந்த வண்டியையும் புகார் கொடுத்தவர் வண்டியையும் திறந்து பார்ப்பார்கள். மேல் சாமான்களைக் கழற்ற ஆள் வைத்துக்கொள்ளலாம். சிலிண்டர் ஹெட்டை மட்டும், கட்டியவர் என்று கையெழுத்துப் போட்டவர் தன் கையாலேயே கழற்ற வேண்டும்; முடியாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள்.

“அத இன்னொருக்க வாசி,” என்றேன்.

வாசித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மூன்றாவது முறை நான் கேட்காமலே வாசித்தாள்.

அண்ணன் எதில் தோற்றாலும் எழுதிக் கொடுப்பவர். சபைக் கமிட்டித் தேர்தலில் தோற்றபோது பிஷப்புக்கு எழுதினார். ரப்பர் சொசைட்டித் தேர்தலில் தோற்றபோது கலெக்டருக்கு எழுதினார். ஞாயிறுப் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் பேரன் இரண்டாவதாக வந்ததற்கும் ஒரு மனு இருக்கிறது. ஆகவே அவரைத் தோற்கடித்தால் போதும், மற்றதை அவரே செய்துகொள்வார். நான் கட்டிய வண்டி கோப்பைக்காகக் கட்டியது இல்லை. அவர் அந்தப் புகாரில் கையெழுத்துப் போடுவதற்காகக் கட்டியது.

ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கப் புதுப் புரை கட்டியபிறகு பழையது சும்மா கிடந்தது. அதைத்தான் ஒர்க்‌ஷாப் ஆக்கினேன். ஒரு காலத்தில் ஊரில் பாதிப் பேர் வைத்திருந்த பழைய சின்ன செடான் ஒன்றின் கூடு, அடிபட்டு உடைக்க வந்த வேறொரு காரின் ஆயிரத்து அறுநூறு சி.சி. எஞ்சின். ஷீட் காயப்போடும் அயனி மர உத்தரத்தில் செயின் பிளாக்கை மாட்டி எஞ்சினைத் தூக்கினேன். உத்தரம் முனகியதே தவிர வளையவில்லை. பிஸ்டனும் கனெக்டிங் ராடும் கல்ஃபிலிருந்தே கொண்டுவந்து துணியில் சுற்றி வைத்திருந்தேன். எதற்கு என்று தெரியாமல்தான் கொண்டுவந்தேன். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ. அதற்குக் காற்று போகும் பெட்டியை அலுமினியத் தகட்டில் செய்ய வேண்டும். தகட்டை வளைக்க என்னிடம் மெஷின் இல்லை. ரப்பர் ஷீட் அடிக்கும் கை உருளையில் தகட்டைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி வளைத்தேன். அழகாக வளைந்தது.

இந்தச் செய்தி எப்படியோ அண்ணன் காதுக்குப் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

“என்ன லே, ஷீட் அடிக்கிய மிஷின்ல காரு செய்யியாமே? ஓடுமா, இல்ல ரப்பர் பாலு மாதிரி உறையூத்தி காயப் போடணுமா?”

“சும்மா ஒரு பைத்தியம் அண்ணே,” என்றேன்.

“கொள்ளாம். வண்டி ஓடல்லைண்ணாலும் பளபளண்ணு இருக்கும். அதுல ஒன்ன அடிக்க ஆளில்ல.”

அவர் போனபிறகு கம்பி வெல்டிங் வைத்தேன். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்க உள்ளே வைக்கும் கூண்டுக்கான பைப். அன்று வைத்த வெல்டிங்தான் வண்டியிலேயே நேர்த்தியானது.

ஒன்றரை வருஷம் ஆனது. கோயம்புத்தூரில் சக்தி அளக்கும் உருளையில் ஏற்றிப் பார்த்தபோது முந்நூறு குதிரையைத் தாண்டியது. போன் பண்ணி மனைவியிடம் சொன்னேன்.

“முந்நூறு குதிரையா? புல்லு யாரு வெட்டுவா?” என்றாள். பிறகு மெதுவாக, “அந்தாளுக்க வண்டி எத்தன?” என்று கேட்டாள்.

“கிட்டத்தட்ட இதே.”

“அப்ப ஒழுங்கா ஓட்டுங்க. தோத்தியண்ணா பதினாலாவது விதிய வச்சு நாக்குதான் வழிக்கணும்.”

அதுதான் என் பயமும். தோற்றால் அவர் எதற்குப் புகார் கொடுக்கப் போகிறார்?

பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சபையிலிருந்து ஏழெட்டுப் பேரை அண்ணன் வேனில் கூட்டி வந்திருந்தார், தன் வெற்றியைப் பார்ப்பதற்கு. அது எனக்கு மிகவும் வசதியாகப் போயிற்று. வண்டியை நான்தான் ஓட்டினேன். கூட்டத்தில் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். ஹெல்மெட்டைப் போட்டதும் அது நின்றுவிட்டது. அதற்குள்ளே இருக்கும் முகம் யாருக்கும் தெரியாது.

மதியத்துக்கு முன் மூன்று ஓட்டம் ஜெயித்தேன். கடைசி ஓட்டத்தில் பக்கத்துத் தடத்தில் அண்ணன் வண்டி. பச்சை விளக்கு விழுந்ததும் அந்த ஓட்டுநர் முழுதாக மிதித்தார். அவர் சக்கரம் புகைந்துகொண்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் இந்த வம்பு உண்டு. முதல் கியரில் டர்போவின் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தேன். பைய எடுத்தேன். மூன்றாம் கியரில் முழு அழுத்தமும் வந்தபோது என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. எல்லைக்கோட்டில் அவர் வண்டி என் பின்பார்வைக் கண்ணாடியில் இருந்தது.

நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அண்ணன் அதிகாரிகளின் கூடாரத்தில் இருந்தார்.

“அது பெரிய எஞ்சின். இவன் கட்டினதும் இல்ல. இவனுக்கு வண்டி கழுவத்தான் தெரியும். எனக்கிட்ட நிண்ணவன்தான், எனக்குத் தெரியாதா?”

வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி கொங்கு நாட்டுக்காரர், மிக நிதானமானவர். “எழுதிக் குடுக்கறீங்களா?” என்று மட்டும் கேட்டார். அண்ணன் எழுதிக் கொடுத்தார். தாளின் அடியில் அச்சடித்திருந்த விதியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கூடாரத்துக்கு வெளியே நின்ற என் மனைவி என் கையைக் கிள்ளினாள்.

என் வண்டியை முதலில் திறந்தேன். மேல் சாமான்களை மனைவி வாங்கி வாங்கிப் பெட்ஷீட்டில் வரிசையாக அடுக்கினாள். ஹெட்டில் பத்து போல்ட். வெளியோரத்திலிருந்து உள்ளே, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். கழற்றிய ஒவ்வொன்றையும் அட்டையில் போட்டிருந்த அதனதன் ஓட்டையில் செருகினேன். அதிகாரி சிலிண்டரை அளந்தார். சரியாக இருந்தது. அவர் அந்தக் காற்றுப்பெட்டியைத் தடவிப் பார்த்து, “இதை எதில வளைச்சீங்க?” என்று கேட்டார். சொன்னேன். சிரிக்காமல் தலையை ஆட்டினார்.

“அடுத்து உங்க வண்டிங்க,” என்றார் அண்ணனிடம்.

“எனக்க வண்டியா? எதுக்கு?”

அதிகாரி பதினாலாவது விதியை வாசித்தார். அண்ணனின் மெக்கானிக் மேல் சாமான்களைக் கழற்றி முடித்துவிட்டு ராட்செட் ஸ்பேனரை ஹெட் போல்ட்டில் வைக்கப் போனார். அதிகாரி தடுத்தார். “கையெழுத்து உங்களுதுங்களா?”

“இல்லைங்க,” என்றார் மெக்கானிக்.

அண்ணன் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டார். சட்டைக் கையை மடக்கினார். சபைக்காரர்கள் நெருங்கி வந்து நின்றார்கள். அவர் ராட்செட்டை நேராக நடு போல்ட்டில் வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்குகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவிலிருந்து எடுத்தால் ஹெட் வளையும். அதற்காகத்தான் அன்று என் முதுகில் பெல்ட் விழுந்தது.

போல்ட் அசையவில்லை. அண்ணன் முழு பலத்தையும் போட்டார். ராட்செட் வழுக்கி, விரல் முட்டி இரும்பில் இடித்து ரத்தம் வந்தது. நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் வெளிறிக் கிடந்தது.

“மக்கா, இஞ்ச வா. எதோ மொரட்டு போல்டு. ஒரு கை வச்சு தா லே. நமக்குள்ள என்ன?”

எனக்கு இரக்கம் வருகிறதா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். வரவில்லை.

“எனக்கு வண்டி கழுவத்தானே அண்ணே தெரியும்,” என்றேன்.

என் வாழ்நாளில் நாலு பேர் கேட்க நான் உரக்கச் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், வேனில் வந்தவர்களும்தான். என் மனைவி சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த வாளியையும் துணியையும் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

அண்ணன் வண்டியின் பின் கண்ணாடியிலிருந்து ஆரம்பித்தேன். பிறகு டிக்கி, பிறகு கதவுகள். மூலை முடுக்கெல்லாம் துணி விட்டு, அவசரப்படாமல் துடைத்தேன். பானெட் தூக்கியிருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. ராட்செட் வழுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசிக் கதவைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தமும் நின்றது. அதிகாரி தன் தாளில் அண்ணன் பெயரைக் கோடு போட்டு அடித்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு மத்தியானம் வீடு வந்து சேர்ந்தோம். அண்ணன் வீட்டுக் கேட் பூட்டியிருந்தது. வண்டியைப் பழைய புரையில் தள்ளி தார்ப்பாய் போட்டு மூடினேன். வியாழக்கிழமையே கிளம்பிப் போய் நாலு நாள் புகை போடாததால் புதுப் புரையில் ரப்பர் ஷீட்டெல்லாம் பூசணம் பிடித்திருந்தது. ஒவ்வொன்றாகக் கழுவிக் கொடியில் காயப்போட்டேன்.