வருஷாவருஷம் நான் தட்டிய பொய்

கீழ்பென்னாத்தூர் சாலையில் இருந்த எண்ணெய் மில்லில் பதினொரு வருஷம் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். மில் மூடிப் பல காலமாகிவிட்டது. போன மாசியில், அங்கே கடலை சுத்தம் செய்த பெண் ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். பென்ஷன் மனுவுக்காக, அவள் பத்து வருஷம் விடாமல் வேலை செய்ததற்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள்.

"எங்க பேரெல்லாம் நீதானக்கா அந்தப் பொட்டியில ஏத்துவ? அதுல இருக்குமில்ல?"

"பாக்கலாம்" என்றேன்.

பீரோ உயரத்துக்கு நின்ற அந்தப் பழைய கம்ப்யூட்டரும், பச்சை எழுத்துத் திரையும் மில் ஆபீஸிலேயே கிடந்தன. முதலாளியின் மகன், "எடைக்குப் போடத்தான் வெச்சிருக்கேன். ஓடுனா ஓட்டிக்குங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

செங்கம் சாலையில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருப்பவரை அழைத்துப் போனேன். "எடுத்ததும் கரண்ட் குடுத்தா பொசுங்கிடும்மா" என்று அவர் முதலில் பின்பலகையைக் கழற்றினார். மூன்று கெபாசிட்டர்கள் உப்பியிருந்தன. எலி கடித்த ஒயர்களையும் மாற்றினார். டிஸ்க்கைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் பாகு மாதிரி ஒட்டிக்கிடந்தது. அதற்கு ஈடான பெல்ட் கிடைக்கவே இரண்டு வாரம். நடுவில் பௌர்ணமி வந்து, கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸையெல்லாம் திருப்பிவிட்டதால் இரண்டு நாள் வேலை நின்றது.

ஒரு காலை, மின்விசிறி புழுதியைக் கக்கிக்கொண்டு சுழன்றது. திரையில் வெறும் கிறுக்கல். "பொட்டியும் திரையும் ஒரே வேகத்துல பேசல" என்று அவர் திரைக்குப் பின்னாலிருந்த சின்ன ஸ்விட்சுகளை மாற்றினார். எழுத்துகள் நேராகின. பாஸ்வேர்டு கேட்டது. மறந்திருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. மறக்கவில்லை.

அவள் என் தோளருகே நின்றாள். அவள் பெயரைத் தட்டினேன். ஒவ்வொரு பங்குனியிலும், ஆங்கிலத்தில், 'வேலையை விட்டு நின்றார்'. பதினைந்து நாள் கழித்து 'புதிதாகச் சேர்ந்தார்'. பத்து முறை. வரிதோறும் என் ஆபரேட்டர் எண்.

"இன்னாக்கா, இருக்கா?"

அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. மெஷின் கெட்டுப்போச்சு என்று சொல்லியிருக்கலாம்.

"இருக்கு. ஆனா வருஷாவருஷம் நீ நின்னுட்டு மறுபடி சேந்ததா இருக்கு."

"நான் ஒரு வருஷங்கூட நிக்கலியே! எவன் அப்படிப் போட்டது?"

"நான்தான். விடாம வேலை செஞ்சதா இருந்தா பர்மனென்ட் ஆக்கணும்னு மேனேஜர் லிஸ்ட் குடுப்பாரு. தட்டுவேன்."

"பொய்னு தெரிஞ்சேவா?"

"தெரியும்."

ரிப்பேர்காரர் வெளியே போய்விட்டார். அவளும் கிளம்பிவிட்டாள்.

மறுநாள், அந்த இடைவெளிகள் பொய்யானவை, மேனேஜர் சொல்லி நான் பதிந்தவை என்று கையெழுத்திட்டு, திரையின் போட்டோக்களோடு தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தேன். விசாரணைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். நான் சொன்னதை எழுதிக்கொண்ட அதிகாரி, "இது மட்டும் போதுமான்னு சொல்ல முடியாதும்மா" என்றார். முடிவு இன்னும் வரவில்லை.

அன்று விசாரணை முடிந்து திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் தள்ளியே நின்றிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "என்கூட இருந்தவங்களுக்கும் இப்படித்தானா?"

"எல்லாருக்கும்."

அவள் பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் மில்லுக்குப் போய், ஒவ்வொரு பெயராக வரவழைத்துப் போட்டோ எடுத்தேன். முப்பதைத் தாண்டியபோது டிஸ்க் கிறீச்சிட்டு நின்றது. ரிப்பேர்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இன்னும் பதினேழு பேர் அதற்குள் இருந்தார்கள்.