வீரர்களைப் பேசலாம்

அலுவலகத்தில் என் பதவியின் பெயர் பிராக்டிகாந்த். அதாவது வேலை பழக வந்தவன். பழகி முடிந்தால் வேலை தருவார்கள் என்று அந்தச் சொல்லில் எங்கும் இல்லை. அதை நானாகச் சேர்த்துத்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அம்மா இன்னும் கொஞ்சம் சேர்த்து வெஸ்ட்லியில் எங்கள் அடுக்குமாடி முழுக்கச் சொல்லியிருந்தா: "மகனுக்குப் புட்போல் கிளப்பிலை பெர்மனன்ட்." அப்பா ஸ்போர்ட்ஸ் மார்க்கெட்டிங் என்பதைத் தனக்கு விளங்கின மாதிரிச் சுருக்கி, "பெடியன் மார்க்கெட்டிலை நிக்கிறான்" என்று சொல்லித் திரிந்தார். ஒரு மாமா முருங்கைக்காய் வந்திட்டுதோ என்று எனக்கு மெசேஜ் போட்டது அதனால்தான்.

உண்மை வேறு. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், இரண்டாம் பிரிவின் அடியில் கிடந்து மூச்சு வாங்குகிற கழகம் எங்களுடையது. மாத முடிவோடு என் காலமும் முடிகிறது. என் பொறுப்பாளர், சத்தம் போட்டுப் பேசியே அறியாத ஒரு நோர்வேப் பெண்மணி, ஒருநாள் கோப்பிக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னா: "தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு நாள் வைப்போம். அந்தப் பக்க இருக்கைகள் நிறைந்து, வந்தவர்கள் மறுபடியும் வருவோம் என்று சொன்னால், உன்னை வைத்திருக்கச் சொல்லி மேலே கேட்கிறேன்."

என்னை எடுத்ததே விண்ணப்பத்தில் "தமிழ்: சரளம்" என்று எழுதியிருந்ததற்காகத்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எனக்குப் படிப்பித்த டீச்சர் மட்டும் அந்த வரியைப் படித்திருந்தால் பொலிசுக்கு அறிவித்திருப்பா.

பதாகைக்கு வாசகம் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் மூன்று வீரர்கள் மேசைக்கு வருவார்கள், ரசிகர்கள் அவர்களைச் சந்திக்கலாம் என்று ஏற்பாடு. நான் "வீரர்களிடம் கதைக்கலாம்" என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என் தமிழில் எனக்கே நம்பிக்கை இல்லை. இரண்டு மாடி கீழே இருக்கும் கோயம்புத்தூர் அண்ணா, மென்பொருள் எஞ்சினியர், அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தம்பி, கதைக்கலாம்னா எங்க ஊர்ல கதை விடறதுங்க. பேசலாம்னு போடுங்க. அதான் நீட்டா இருக்கும்."

எங்கள் வீட்டில் பேசுவது என்றால் ஏசுவது. அம்மா என்னோடு கதைப்பா, என்னைப் பேசுவா. பிந்தி வந்தால் பேச்சு, சாப்பிடாவிட்டால் பேச்சு. இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் எழுத்துத் தமிழ் வேறு, அது பெரிய ஆட்களுடைய சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு மாற்றினேன். "வீரர்களிடம் பேசலாம்!" அதுவரைக்கும்கூடப் பிழையில்லை.

பிழை அச்சுக்கு அனுப்பப் போகும்போது வந்தது. ஆச்சரியக்குறி பதாகைக்கு வெளியே நின்றது. அது இல்லாமல் என்ன மார்க்கெட்டிங்? "வீரர்களிடம்" கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. அதை "வீரர்களைப்" என்று குறுக்கினேன். ஆச்சரியக்குறி வடிவாக உள்ளே வந்து இருந்துவிட்டது.

ஞாயிறு காலை அந்தப் பதாகையைச் சுருட்டித் தோளில் வைத்து ஐந்தாம் இலக்க மெட்ரோவில் ஏறினேன். இரண்டு பேரின் காதில் இடித்தேன். மைதானத்தில் மேசை விரித்தேன், வாஃபல் மாவு கரைத்தேன், ரிக்கெற் வாசிக்கும் கருவியோடு சண்டை பிடித்தேன். மேசைக்கு மேலே பதாகையைக் கட்டிவிட்டு இறங்கும்போது பொறுப்பாளர் ஒரு பெரிய பையோடு வந்தா. கழகத்தின் சின்னமான எல்க் மானின் வேடம் அதற்குள் இருந்தது. வழக்கமாக மானாகிறவருக்குக் காய்ச்சலாம்.

"மான் வாய் திறக்கக் கூடாது. அது மட்டும்தான் விதி," என்றா.

மானின் மூக்குத் துவாரத்தால் பார்த்தால் உலகம் ஒரு தபால்பெட்டியின் வாய் அளவில் தெரியும். அந்த அளவுக்குள் சனம் வந்துகொண்டே இருந்தது. திராமனில் இருந்து மூன்று கார், பியோர்ண்டாலில் இருந்து ஒரு பஸ் நிறைய, எல்லார் கையிலும் இறைச்சி ரோல்ஸ் பெட்டி. வருகிறவர்கள் எல்லாரும் பதாகையைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆளையாள் கூப்பிட்டுக் காட்டினார்கள், படம் எடுத்தார்கள். ஒரு வாசகம் இப்படி வேலை செய்கிறதே என்று நான் மானுக்குள் நின்று பூரித்தேன். கொம்புகூட ஆடியது.

அப்பா வந்து என் தோளில் கை போட்டு ஒரு செல்ஃபி எடுத்தார். பிறகு தன் நோர்வேஜிய மொழியில் மானுக்கு அறிவித்தார்: "என் மகன் இங்கே பெரிய ஆள். உனக்கும் அவன்தான் மேலதிகாரியாக இருப்பான்." நான் தலையாட்டினேன். விதி விதிதானே.

நாலுக்குப் பூச்சியம். எங்களுக்குத்தான் பூச்சியம்.

தோற்ற நாளில் நோர்வே ரசிகர்கள் ஜாக்கெட்டைப் பூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குப் போவார்கள். எங்கள் சனமோ ஒருவரும் நகரவில்லை. மேசைக்கு முன்னால் நீளமான வரிசை. பொறுப்பாளரின் முகம் மலர்ந்தது. "மொழிபெயர்க்க வா," என்று கூப்பிட்டா. நான் மான் தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோல்காப்பாளருக்குப் பக்கத்தில் நின்றேன். மிச்சம் முழுக்க மான்தான்.

முதலாவதாக நின்றவர் திராமன் மாமா ஒருவர். ஜாக்கெட்டைக் கழற்றி மகளிடம் கொடுத்தார்.

"தம்பி, பேசலாம் எண்டு போட்டிருக்கிறியள். நான் அதுக்கெண்டே நிக்கிறன். சொல்லும் இவருக்கு. ரெண்டாவது கோல் வரேக்குள்ளை இவர் என்ன, பஸ்ஸுக்கோ நிண்டவர்?"

அப்போதுதான் நிமிர்ந்து பதாகையைப் பார்த்தேன். வீரர்களைப் பேசலாம்! அந்த ஆச்சரியக்குறி என்னைப் பார்த்து நின்றது. பொறுப்பாளர் இரண்டடி தள்ளி, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறா. மாத முடிவுக்கு இன்னும் ஒன்பது நாள்.

"இரண்டாவது கோல் கஷ்டமானது என்கிறார்," என்று மொழிபெயர்த்தேன்.

"நாலாவதுக்குக் கையைத் தூக்கினவரே, அது பந்தைப் பிடிக்கவோ, இல்லாட்டி எங்களுக்கு டாட்டா காட்டவோ?"

"நாலாவதும் கஷ்டம் என்கிறார்."

கோல்காப்பாளர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "இவ்வளவு நேரம் சொன்னது அவ்வளவுதானா?"

"தமிழ் நீளமான மொழி."

மாமாவின் மகளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எனக்கு ஒத்த வயது, இங்கே பிறந்தவள். அட்சரம் பிசகாத ஒஸ்லோ நோர்வேஜியனில் சொன்னாள்: "இல்லை. நீங்கள் பஸ்ஸுக்கு நின்றீர்களா என்று அப்பா கேட்டார். மற்றது டாட்டாவைப் பற்றி." பிறகு மேலே கையைக் காட்டினாள். "அதில் அப்படித்தான் போட்டிருக்கிறது. வந்து வீரர்களைத் திட்டலாம் என்று."

பொறுப்பாளர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தா. கக்கத்தில் இருந்த மானும் நானும் ஒரே முழி முழித்தோம்.

கோல்காப்பாளர் எழுந்தார். கதவளவு மனுசன். மாமா அரையடி பின்வாங்கினார்.

"சூரியன் கண்ணில் அடித்தது," என்றார் கோல்காப்பாளர்.

மகள் அதைத் தமிழில் சொன்னாள்.

"அப்ப ஒரு தொப்பியைப் போடுமன்!"

கோல்காப்பாளர் மகள் வாயால் அந்தப் பதிலைக் கேட்டு, சிரித்து, கதிரையை இழுத்து மாமாவுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். தோற்ற பிறகு ஒருவரும் தங்களோடு ஒரு வார்த்தை கதைப்பதில்லையாம். நேரே வீடுதானாம். யாரோ ஒரு ரோல்ஸை அவர் கையில் வைத்தார்கள். வரிசை கலையாமல் நின்று, முறை எடுத்து, மூன்று பேரையும் பேசித் தீர்த்தது. பியோர்ண்டால் அன்ரி ஒருவர், "சாப்பிடுறேல்லைப் போல, அதுதான் பிள்ளைக்கு ஓடேலாமக் கிடக்கு," என்று விங் பிளேயரின் கையை நசித்துப் பார்த்தா.

பொறுப்பாளர் மகளிடம்தான் கேட்டா, என்னிடம் இல்லை. "அப்பா திரும்பவும் வருவாரா?"

மகள் தமிழில் கேட்டாள். "ஓமோம், வராமல்?" என்றார் மாமா. "நான் இன்னும் பின்வரிசையிலை விளையாடின ஆக்களைத் தொடவே இல்லையே."

மகள் மொழிபெயர்த்தாள். பொறுப்பாளர் பதாகையைக் கையால் காட்டினா. "இதை எறிந்துவிடாதே," என்றா என்னிடம். "மேலே கேட்கிறேன். ஆனால் அடுத்த பதாகையை அவளுக்குக் காட்டிவிட்டு அனுப்பு."

மேலே கேட்டா. ஐப்பசி வரைக்கும் அரை வேலை என்று முடிவானது. ஆனால் அது பிறகு.

அன்றைக்கு, மான் கால்களோடு நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருக்கையில் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அப்பா தன் போனில் செல்ஃபியைப் பெரிதாக்கினார். என்னைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார். அம்மா பதாகையின் கீழ் வந்து நின்று, வாசித்து, கைப்பையைக் கதிரையில் வைத்தா.

"யூனிவர்சிட்டியிலை மாஸ்டர்ஸ் படிச்சது மானுக்குள்ளை நிக்கவோ?" என்று தொடங்கினா.

கோல்காப்பாளர் ரோல்ஸை மென்றபடி மாமாவின் மகளைப் பார்த்தார். அவள் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டு, ஒரு வரியும் விடாமல் அவருக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினாள்.