ஒண்ணும் போவலங்க

அமராவதிக்கு உப்பு முதலில் நெல்லாகத்தான் தெரிந்தது. கிளியனூர்ப் பக்கத்து வயல்காட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். கல்யாணமாகி மரக்காணம் வந்த புதிதில், மாமியாரோடு உப்பளத்துக்குப் போனவள், வெயிலில் வரிசையாக நின்று மின்னிய குவியல்களைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் இவ்வளவு விளைச்சலா என்று அப்படியே நின்றுவிட்டாள். மாமியார் சிரித்த சிரிப்பு தெருவில் ரொம்ப நாள் ஓடியது.

வயல் வேலையில் அறுப்பு முடிந்தால் கொஞ்சம் நெல்லாவது மடியில் வரும். உப்பளத்தில் மடியில் எதுவும் வராது. காலில்தான் வரும், வெடிப்புக்குள் புகுந்துகொண்டு, வீடு வரைக்கும் எரிந்துகொண்டே.

ஆனாலும் அவளுக்கு அந்த இடம் பிடித்துப் போயிற்று. உச்சி வெயிலில் உப்பளத்துக்குத் தரையே இருக்காது. தூரத்தில் கூடை சுமந்து போகிறவர்கள் தண்ணீர் மேல் நடப்பார்கள். இடுப்புக்குக் கீழே ஆள் இருக்காது. வரப்பு, யாரோ இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டுகிற கயிறு மாதிரி அசையும். அமராவதி கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, நீளக் கழி மாட்டிய பலகையால் பாத்தியில் உப்பை வாரிக்கொண்டே இருப்பாள். சரக், சரக் என்ற அந்தச் சத்தத்திலேயே தூங்கிவிட்டவள் மாதிரி இருக்கும், கை மட்டும் ஓயாது. புருஷன் சிங்காரம் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே தங்கிப்போன வருஷத்திலும் சரி, மகளைக் கீழ்புத்துப்பட்டில் கட்டிக்கொடுத்துவிட்டு வீட்டில் ஒற்றை ஆளாக ஆன வருஷத்திலும் சரி, அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. வெள்ளை வெயிலில் எல்லார் கண்ணிலிருந்தும் நீர் வழிந்துகொண்டுதான் இருக்கும். அதில் எது அழுகை என்று யார் கண்டது?

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், டிசம்பர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் எழுந்து வந்தது. கரைப் பக்கம் அது எப்படி வந்தது என்று அங்கே இருந்தவர்கள் சொல்ல முடியாமல் சொல்வார்கள். உப்பளத்துக்கு அது வாய்க்கால் வழியாகச் சத்தமில்லாமல் வந்தது. தெரு முனையில் நின்றிருந்த அமராவதி, படுத்திருந்த உப்பளம் மெதுவாக எழுந்து உட்காருவதைப் பார்த்தாள். அது மறுபடி படுத்தபோது பாத்திகள் இல்லை. முழங்கால் அளவு கருப்புச் சேறு இருந்தது.

தெரு மேட்டில் இருந்ததால் தண்ணீர் கடைசிப் பனைமரத்தோடு நின்றுவிட்டது. ஒரு சுவர்கூட விழவில்லை. ஆனால் கரையிலிருந்து காற்றில் வந்த ஒப்பாரி பல நாள் நிற்கவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரம், நிவாரணத்துக்கு எழுத ஓர் அதிகாரி வந்தார். தெருவில் முதல் வீடு அமராவதியுடையது. அவர் வாசலில் நின்று கேட்டார்: "உனக்கு இன்னாம்மா போச்சு?"

இங்கேதான் அவள் தன் வாழ்க்கையிலேயே பெரிய தப்பைச் செய்தாள். தப்பு என்று சொல்லவும் மனசு வரவில்லை. அந்தத் தெருவில் பிறந்த யாராக இருந்தாலும், அந்தத் தெருவுக்கு வாழ வந்த யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். வீட்டு வாசலில் நின்று, அதுவும் விளக்கு வைக்கிற வேளையில், 'போச்சு' என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்தச் சொல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கரையில் அத்தனை சாவு விழுந்திருக்கிறது. அவர்களுக்கு முன்னால், சுவர் நிற்கிற வீட்டில் இருந்துகொண்டு எனக்குப் போச்சு என்று எப்படிச் சொல்வது?

"ஒண்ணும் போவலங்க," என்றாள் அமராவதி. "நல்லாத்தான் இருக்கறோம்."

அடுத்த வீட்டு ராசம்மாள் அதைக் கேட்டாள். அவளும் அதையே சொன்னாள். அப்படியே தெருக்கோடி வரைக்கும், விளக்கு வைத்துக்கொண்டே, எல்லாரும் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அதிகாரிக்கு வேலை சுலபமாக முடிந்தது.

அதற்கப்புறம் கரைக்கு லாரி லாரியாகச் சாமான் போனது. அதைப் பார்த்து இவர்கள் வயிறு எரியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குப் போகிறது, போகட்டும். பிறகு உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த தட்சணாமூர்த்திக்கு, பாத்தி அழிந்ததற்கு நஷ்டஈடு வந்தது. அப்போதுதான் உறுத்த ஆரம்பித்தது. அந்தப் பாத்தியில் போன வேலை யாருடையது? நிவாரணம் இந்தப் பக்கம் கரையிலும் இறங்கியது, அந்தப் பக்கம் உப்பளத்திலும் இறங்கியது. நடுவில் இருந்த தெருவை மட்டும் தாண்டிக் குதித்துவிட்டுப் போனது. தெருவில் இருந்த அடிபம்பிலும் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. மரியதாஸ் ஓட்டி வரும் டேங்கர் லாரிதான் குடிநீருக்கு வழி. அதுவும் ஒரு நாள் வந்தால் மறுநாள் வராது.

ராசம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போதெல்லாம் பேசுவாள். "ஒண்ணும் போவலன்னு சொன்ன மவராசி வர்றா, வழி வுடுங்கடி." எல்லாரும் சிரிப்பார்கள். அமராவதியும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்தபிறகு, அந்த ஒரு சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள என்ன வழி என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சொன்ன சொல்லை உப்பு மாதிரி வார முடியவில்லை.

கனவு அப்போதுதான் வர ஆரம்பித்தது. அதற்குள் உப்பளத்தில் சேறு அள்ளி, பாத்தி கட்டி, பங்குனியில் புது உப்பு எடுத்து, பாதையோரமாகக் குவித்திருந்தார்கள். கனவில் அந்தக் குவியல்மேல் மழை பெய்யும். மெதுவான மழை. குவியல் சரிந்து, பால் மாதிரி ஓடி, வாய்க்காலில் கலக்கும். அவள் காலடியில் அது குளிர்ச்சியாகப் போகும். வெடிப்பு எரியாது. எழுந்தபிறகும் அந்தக் குளிர்ச்சி காலில் கொஞ்ச நேரம் இருக்கும். பயமாக இருக்க வேண்டிய கனவு அது. ஆனால் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதை அவள் தண்ணீர் வரிசையில் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம்.

தெருவில் ஜான்சன் என்று ஒருவன். கேபிள் டிவி ஒயர் இழுக்கிறவன், சூடான ஆள். எங்கோ ஓர் ஊரில் நிவாரண லாரியை மறித்துக் கண்ணாடியை உடைத்ததும் மறுநாளே அங்கே சாமான் வந்து இறங்கியதாக அவன் கேள்விப்பட்டிருந்தான். மனு கொடுத்தோம், கும்பிட்டோம், ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தோம், என்ன வந்தது என்று கேட்டான். அவன் கேட்டதில் ஒரு பொய்யும் இல்லை. "ரோட்டுல ஒரு பஸ்ஸு எரிஞ்சாத்தான் நம்ம தெரு எங்க இருக்குதுன்னு அவனுங்களுக்குத் தெரியும்," என்றான்.

"அந்த பஸ்ஸுல எம்மவ வந்தா?" என்று ராசம்மாள் கேட்டாள்.

அதற்கப்புறம்தான் பேச்சு உப்புக் குவியல் பக்கம் திரும்பியது. அதை அழித்தால் ஆளுக்குச் சேதமில்லை. தட்சணாமூர்த்திக்கு மட்டும்தான் வலிக்கும். ஆனால் உப்பை எப்படி அழிப்பது? கொளுத்தினால் எரியாது. உடைத்தால் மறுபடி உப்புதான். வாய்க்கால் தண்ணீரோ சித்திரை வெயிலில் உப்பைவிட உப்பாகக் கிடக்கிறது, அதை ஊற்றினால் லேசில் கரையாது. நல்ல தண்ணீர் வேண்டும்.

ஜான்சன் அமராவதியைப் பார்த்தான். "அக்கா கனவுல மழ பெய்யுதுல்ல? மழயக் கொண்டாந்துடுவோம்."

மறுநாள் உச்சி வெயிலில் தெருவே திரண்டு உப்பளத்துப் பாதையில் நின்றது. தூரத்தில் டேங்கர் லாரி சக்கரமில்லாமல் மிதந்து வந்தது, கானலில் எல்லாம் வருகிற மாதிரி. பெண்கள் வழக்கம்போலக் குடங்களோடு வந்திருந்தார்கள். ஏன் எடுத்து வந்தார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. டேங்கர் வந்தால் கை தானாகக் குடத்தைத் தூக்கும்.

வண்டியை மறித்தார்கள். எல்லாமே மெதுவாகத்தான் நடந்த மாதிரி அமராவதிக்கு இருந்தது. யாரோ ஒரு கல்லை எறிந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. பக்கக் கண்ணாடி உடைந்து சில்லு பறந்தது, வெயிலில் உப்புக்கல் மாதிரியே மின்னிக்கொண்டு. மரியதாஸ் புருவத்தைப் பிடித்தபடி கீழே இறங்கினார். விரல் சந்தில் ரத்தம் வழிந்தது.

ஜான்சன் குழாயை இழுத்து அமராவதி கையில் கொடுத்தான். "நீதான ஆரம்பிச்ச. நீயே ஊத்துக்கா."

அவள் ஊற்றினாள். அதை மறைக்க வேண்டியதில்லை. தண்ணீர் குவியலில் போய் விழுந்தபோது, கனவில் இருந்தது போலவே வெள்ளை சரிந்தது. ஒரு குகை வாய் திறந்தது. காலடியில் குளிர்ச்சியாக ஓடி வந்தது. இத்தனை வருஷம் அவள் வாரியதெல்லாம் ஒரு கணம் அவளுக்காக இளகிக்கொடுத்த மாதிரி இருந்தது. எவ்வளவு அழகு என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த கணம் அந்தத் தண்ணீர் கால் வெடிப்பில் இறங்கி எரிந்தது. கனவில் எரியாது. இங்கே நல்ல தண்ணீர் உப்பாகி ஓடிக்கொண்டிருந்தது.

"எம்மா," என்றார் பக்கத்தில் நின்ற மரியதாஸ். "என்னிய எதுக்கு அடிச்சீங்க? உங்களுக்குத்தான எடுத்தாறேன். கொஞ்சம் இப்படி ஊத்து, கண்ணக் கழுவிக்கறேன்."

அவள் குழாயைத் திருப்பினாள். அவர் குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். அவர் நகர்ந்ததும், அந்த இடத்தில் ராசம்மாளின் குடம் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு குடம். ஜான்சன் உப்புல ஊத்துக்கா, உப்புல ஊத்துக்கா என்று கத்திக்கொண்டே இருந்தான். குவியல் மலை மாதிரி நின்றது. டேங்கர் தண்ணீர் அத்தனையும் போனாலும் அதில் பாதிகூடக் கரையாது என்பது பார்த்தாலே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் அம்மாவே குடத்தோடு வரிசையில் வந்து நின்றுவிட்டாள். என் குடம் முதலில், உன் குடம் முதலில் என்று தகராறு ஆரம்பித்தது. போலீஸ் வந்து பார்த்தபோது அங்கே கலவரம் இல்லை. குழாயடிச் சண்டைதான் இருந்தது.

இருந்தாலும் ஜான்சனையும் இரண்டு பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உடைந்த கண்ணாடி உடைந்ததுதானே.

மறுநாள் காலை, தை மாதத்தில் வந்த அதே அதிகாரி வந்தார். இத்தனை மாதம் மனு கொடுத்தும் வராதவர். குவியலில் இருந்த பள்ளம்தான் அவரை அழைத்துவந்தது. தட்சணாமூர்த்தி பள்ளத்தைக் காட்டி, ஏற்கெனவே சேறு அள்ளியே நொடிந்து போயிருக்கிறேன், இதுவும் போச்சு சார் என்று சொன்னார். அவர் சொன்னதும் பொய்யில்லை. யார் செய்தது என்று அதிகாரி கேட்டார்.

"நான்தாங்க," என்றாள் அமராவதி.

அவர் அவளை ஞாபகம் வைத்திருந்தார். "நீ மொத வூடுதான? ஒண்ணும் போவலன்னு சொன்னியே. உனக்கு இன்னா போச்சுன்னும்மா இந்த வேலை பண்ண?"

அமராவதி திரும்பித் தெருவைப் பார்த்தாள். வீட்டு வாசல் தூரத்தில் இருந்தது. இங்கிருந்து சொன்னால் அங்கே கேட்காது.

"போச்சுங்க," என்றாள். "இந்த உப்பு நான் வாரினது. சேறு அள்ளி, பாத்தி கட்டி, என் கையால வாரினது. அத நானே கரைச்சுட்டேன். அலையில போன உப்புக்கு எங்கள யாரும் கேக்கல. இதுக்காவது கேட்டீங்களே. அவருக்கு நஷ்டம்னு எழுதறீங்க. எனக்கும் நஷ்டம்னு எழுதிக்கங்க."

"அப்படி எழுதினா உம்மேல கேஸுதான் வரும்."

"வரட்டுங்க. எழுதுங்க."

அதிகாரி பேனாவை மூடி, மறுபடி திறந்தார். பிறகு ராசம்மாளைப் பார்த்து, உனக்கு என்ன போச்சு என்று கேட்டார். ராசம்மாள் வாயைத் திறந்தவள் மூடவே இல்லை. வேலை போனது, அடிபம்பு போனது, நாலு மாசம் போனது என்று, அலை வந்த நாளிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் சொன்னாள். வீட்டு வாசலில் சொல்லக் கூடாத சொல்லைத் தெருவே அந்த உப்பு வெளியில் நின்று சொல்லித் தீர்த்தது. அத்தனையும் காற்றில் கடல் பக்கம் போயிற்று.

ஆடி மாதத்தில் தெருவுக்கு அரிசி வந்தது, பாத்திரங்கள் வந்தன. பள்ளத்தால் வந்ததா, வாயைத் திறந்து சொன்னதால் வந்ததா என்று தெருவில் இன்னும் முடிவாகவில்லை. ஜான்சன், கல் விழாமல் யார் காதும் திறக்காது என்பான். ராசம்மாள், கல் மரியதாஸ் மேல்தானே விழுந்தது என்பாள். அமராவதியைக் கேட்டால் ரெண்டு பேர் சொல்வதும் சரிதான் என்பாள். அது ஒன்றும் சமாதானத்துக்காகச் சொல்வது இல்லை. அவளுக்கு நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது.

தட்சணாமூர்த்தி கேஸ் கொடுக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் அவளை வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. அவள் கிளியனூர்ப் பக்கம் களை எடுக்கப் போனாள், சின்ன வயசில் போன அதே வயல்களுக்கு. ஈரமண்ணில் கால் வெடிப்பு ஆறியது. அங்கே படுத்தால் கனவே வரவில்லை. அதுதான் அவளுக்கு என்னவோ போல இருந்தது.

இரண்டாயிரத்து ஆறு பங்குனியில் தட்சணாமூர்த்தியே ஆள் அனுப்பினார். அவளை மாதிரி வாருகிறவர்கள் கிடைக்கவில்லை. அன்று உச்சி வெயிலில் அவள் மறுபடி பாத்தியில் நின்றபோது, தரை மறைந்து, வரப்பு ஆடி, தூரத்தில் டேங்கர் சக்கரமில்லாமல் மிதந்து வந்தது. அவள் பலகையைப் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மரியதாஸ் குழாயை எடுத்து நீட்டினார். புருவத்தில் சின்னதாக ஒரு வெள்ளைத் தழும்பு. அவளைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னாம்மா, இன்னிக்கு உப்புக்கா, குடத்துக்கா?" என்றார்.

அமராவதி தழும்பைப் பார்த்தாள். பின்னால் நின்ற புதுக் குவியலையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டுக்கும் பத்தாதுண்ணா," என்றாள். "குடத்துலயே ஊத்து."