அடுப்பெரியாத காலை

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராக அலைந்த நான், ஏற்காட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு அக்காவுக்கு அது பிடிக்காது. "இது குடும்பம் இருக்கற எடமுங்க, லாட்ஜ் இல்லீங்க" என்று சண்டைக்கு நிற்பார்.

ஒருநாள் விடியலில், அங்கே மனைவியோடு தங்கியிருந்த பெரியவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். மகன் சென்னையிலிருந்து வரவேண்டும். உடலோடு அந்த அம்மாவையும் உடனே வெளியேற்றச் சொல்வார்களோ குடியிருப்புக்காரர்கள் என்று எனக்குப் பயம். அந்த அம்மாவுக்குக் காபி கேட்டுக் கதவு கதவாகத் தட்டினேன். எல்லோரும் "இன்னைக்கு இல்லீங்க" என்றார்கள்.

கீழ்வீட்டு அக்காவிடம் வெடித்துவிட்டேன். "ஒரு வாய் காபியிலுமா அக்கா வெறுப்பு?"

"ஏந்தம்பி, மேல பொணத்த வெச்சுக்கிட்டு எந்த ஊட்ல அடுப்பு பத்த வெப்பாங்க? எங்க ஊட்டுக்காரர் ஃபிளாஸ்க் எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போயிருக்கறாருங்க. நீங்க போயி அந்தம்மா பக்கத்துல இருங்க."

அப்போதுதான் கவனித்தேன். எந்தச் சன்னலிலும் தாளிக்கும் வாசனை இல்லை. பிள்ளைகள் பன்னைக் கடித்தபடி பள்ளிக்குப் படியிறங்கினார்கள். பெயர் தெரியாத ஒருவருக்காக அத்தனை வீடும் அடுப்பை அணைத்து வைத்திருந்தது.

மகன் வந்து உடலைக் கொண்டுபோன பிறகே முதல் குக்கர் கூவியது.

எத்தனையோ ஊர்களில் நான் பட்டினி கிடந்திருக்கிறேன். யாரோ ஒருவருக்காகப் பசித்திருந்த வீடுகளை அன்றுதான் பார்த்தேன்.