நான்கு வாரம் முந்தி வந்த பாஸ்கா

1943ஆம் ஆண்டில் நாங்கள் இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்காத் திருநாளை இரண்டு முறை கொண்டாடினோம். மார்ச் 28 அன்று ஒரு முறை, ஏப்ரல் 25 அன்று மறுமுறை. முதலாவது என் தவறு.

தேதி விஷயத்தில் நான் பிசகமாட்டேன் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. பதிமூன்று வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த 1942 பிப்ரவரி 15 ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீனப் புத்தாண்டு. அதிலிருந்து மூன்றாம் நாள் விபூதிப் புதன். எண்ணெய்க் கிடங்குகள் எரிந்த புகை அப்போதும் நகரத்தின் மேல் நின்றது. கத்தோலிக்கக் கோவிலுக்கு வந்த பாதிப் பேருக்கு முகத்தில் ஏற்கெனவே கரி இருந்தது. அதன் மேல்தான் சாமியார் சாம்பல் பூசினார்.

பிறகு நேரமே மாறிப்போயிற்று. கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளி வைக்கச் சொன்னார்கள். ஜப்பானியக் கணக்கில் ஆண்டு 2602 ஆனது. காலை ஏழரைக்கு வெளியே இருட்டாக இருக்கும். மாலை எட்டு மணிக்கு வெயில் சுவரில் மிச்சமிருக்கும். விழித்திருக்கும்போதே யாரோ வேறு ஒருவருடைய கனவுக்குள் நடமாடுவது போல இருந்தது. நான் நாட்குறிப்பில் இரண்டு ஆண்டுகளையும் எழுதினேன். பழைய நேரத்தை அடைப்புக்குறிக்குள் போட்டேன். அதைச் செய்யாவிட்டால் என்னையும் எங்கேயோ நகர்த்தி வைத்துவிடுவார்கள் என்று ஒரு பயம்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கோவிலை ஒட்டிய தமிழ்ப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். பள்ளி மூடிய பிறகு ஃபேரர் பார்க் பக்கத்துச் சந்து ஒன்றில் அக்காவோடும் அத்தானோடும் ஒரே அறையில் இருந்தேன். அத்தான் லாரி ஓட்டினார். 1942 நவம்பரில் ஜப்பானியர்கள் லாரியை எடுத்துக்கொண்டார்கள், அவரையும் சேர்த்து. பாலம் தாண்டி வடக்கே போக வேண்டும், எங்கே என்று சொல்லவில்லை. அக்கா அவருடைய சட்டைகளை மடித்துக் கொடுத்தாள்.

"மூணு மாசம்தானாம். பாஸ்காவுக்கு வந்துருவேன். நீ அழாம இரு, பின்னால உக்காந்திருக்கறவன் பாக்குறான்," என்றார் அத்தான்.

பின்னால் உட்கார்ந்திருந்த சிப்பாய்க்கு எங்களைவிட வயது குறைவு. அவன் எங்களைப் பார்க்கவில்லை, தன் காலணிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஒரு வாக்கியத்தை அக்கா பிடித்துக்கொண்டாள். வேறு எதுவும் அவளிடம் இல்லை. கடிதம் வரவில்லை, ஆள் மூலம் தகவலும் இல்லை. டிசம்பரில் அரிசிப் பங்கு குறைந்தது. அத்தானுக்குத் தெரிந்த பால்மரத் தொழிலாளி ஒருவர் துவாஸுக்குப் போகும் சாலையில், தீவின் மேற்குக் கோடியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் காலி அறை இருக்கிறது, மரவள்ளி நட்டுக்கொள்ளலாம் என்று அழைத்தார். போனோம். அவரை நான் அண்ணன் என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். அந்த லயத்தில் ஐந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தன. கோவில் இருபது மைல் தள்ளி. பேருந்து கிடையாது, வழியெல்லாம் காவல் சாவடி. ஞாயிற்றுக்கிழமைகளில் ரப்பர் பால் உறையவைக்கும் கொட்டகையில் கூடி ஜெபமாலை சொல்வோம். அவ்வளவுதான் எங்கள் பூசை.

வழக்கமாக டிசம்பரில் கோவிலிலிருந்து வரும் திருநாள் காலண்டர் அந்த வருடம் வரவில்லை. சனவரிக் கடைசியில் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், விபூதிப் புதன் என்னைக்கு? சொன்னீங்கன்னா அன்னையிலேர்ந்து கள்ள நிறுத்திடுவேன். சொல்லலேன்னா நிறுத்த மாட்டேன், பாவம் உங்களுக்குத்தான்."

"அவர் கேக்கறது நிறுத்தறதுக்கு இல்ல டீச்சர். இன்னும் எத்தனை நாள் குடிக்கலாம்னு பாக்கறாரு," என்று உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுத்தார்.

அக்கா என் முகத்தையே பார்த்தாள். மற்றவர்களுக்கு அது பாஸ்காவுக்கு முந்தைய நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கும் நாள். அவளுக்கு அத்தான் வரும் நாளை எண்ணத் தொடங்கும் நாள்.

எனக்கு விதி தெரியும். பள்ளி நூலகத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தில் படித்தது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதை அடுத்த ஞாயிறு பாஸ்கா. சனவரி 21 வியாழக்கிழமை நிலா முழுதாக எழுந்ததை நானே எழுதி வைத்திருந்தேன். இரண்டு பௌர்ணமிக்கு ஐம்பத்தொன்பது நாள். எண்ணினால் மார்ச் 21, ஞாயிறு. ஆக, பாஸ்கா மார்ச் 28. அதிலிருந்து நாற்பத்தாறு நாள் பின்னால் போனால் விபூதிப் புதன் பிப்ரவரி 10. பழைய ரப்பர் எடைத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக் கொட்டகைத் தூணில் ஒட்டினேன். யாரும் சந்தேகப்படவில்லை, நானும்தான்.

பிப்ரவரி 10 அன்று காய்ந்த தென்னோலையை எரித்து அண்ணி எல்லோருக்கும் சாம்பல் பூசினார். அக்கா ஒருசந்தி பிடித்தாள். உச்சி வேளையில் ஒரு தட்டு மரவள்ளி, அதற்கு மேல் தண்ணீர் மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி இல்லை என்று சொன்னேன். "எனக்கு எல்லா நாளும் ஒண்ணுதான்," என்றாள்.

மார்ச் 21 மாலை எல்லோரும் மேட்டில் ஏறி நின்றோம். மேற்கே கடலில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கிழக்கே ரப்பர் மரங்களுக்குப் பின்னாலிருந்து நிலா, ஒரு குறையும் இல்லாமல், மஞ்சளாக எழுந்தது. இரண்டும் ஒரே உயரத்தில் கொஞ்ச நேரம் நின்றன. இரண்டு பக்கத்து ஒளியிலும் அக்காவின் முகம் மெலிந்து, ஏதோ தூரத்துப் பாட்டைக் கேட்கிறவள் முகம் போல இருந்தது. என் கணக்குச் சரி என்பதற்கு வானமே சாட்சி சொன்னது. அன்றிரவு நாட்குறிப்பில் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டேன்.

மார்ச் 28 அன்று அண்ணன் தன்னிடமிருந்த ஒரே முட்டைக்கோழியை அடித்தார். கள் வந்தது. கொட்டகையில் அல்லேலூயா பாடினோம். அக்கா விடியுமுன்னே குளித்துத் தன் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு சாலையோரத்து மைல்கல்லில் போய் உட்கார்ந்திருந்தாள். கோழிக்கறியை இலையில் எடுத்துக்கொண்டு போனேன். "அவரும் வரட்டும்," என்றாள். மத்தியானம் மழை பெய்தது. எழுந்திருக்கவில்லை. ஒரு ராணுவ லாரி போயிற்று, பிறகு ஒரு மாட்டு வண்டி. இருட்டும்போது நனைந்த புடவையோடு திரும்பி வந்தாள்.

"இனிமே என்னைய ஜெபத்துக்குக் கூப்பிடாத," என்றாள். படுத்தாள்.

அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று சொன்னால் மிகையாகாது. நாற்பது நாள் பட்டினியில் அவளைத் தாங்கியது எதுவோ அது போய்விட்டது. இப்போது விரதமில்லை, ஆனாலும் சாப்பிடவில்லை. கஞ்சியை வாயருகே கொண்டு போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பத்தாம் நாள் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாமியாரக் கூட்டியாங்க டீச்சர். இது உடம்பு வியாதி இல்ல," என்றார்.

நகரத்துக்கு விறகு ஏற்றிக்கொண்டு போகும், பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும் லாரி ஒன்றில் ஏப்ரல் 10 சனிக்கிழமை இடம் கிடைத்தது. ஞாயிறு காலை கோவிலுக்குள் நுழைந்தேன். பாஸ்காக் காலத்து வெள்ளையை எதிர்பார்த்துப் போனவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். சுரூபங்கள் எல்லாம் தபசுகாலத்து ஊதாத் துணியால் மூடியிருந்தன. துணிப் பஞ்சத்தில் மாவுச் சாக்குகளைச் சாயம் தோய்த்துத் தைத்திருந்தார்கள். மாதா எங்கே, சூசையப்பர் எங்கே என்று உருவத்தின் உயரத்தை வைத்துத்தான் ஊகிக்க முடிந்தது. கோவில் முழுக்க முகமில்லாத ஊதா நிழல்கள். யாரோ இறந்துவிட்டார்கள், எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று தோன்றியது.

பூசை முடிந்து சாமியாரிடம் போனேன். பிரெஞ்சுக்காரர், தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவார்.

"சுவாமி, தபசுகாலம் இன்னும் முடியலையா?"

"முடியவில்லை, மகளே. இன்று பாடுகளின் ஞாயிறு. பாஸ்கா இருபத்தைந்தாம் தேதி."

என் கணக்கைச் சொன்னேன். பௌர்ணமியைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கவே முயலவில்லை.

"நீ வானத்தைப் பார்த்தாய். திருச்சபை அட்டவணையைப் பார்க்கிறது. அட்டவணையில் பௌர்ணமி மார்ச் இருபது, சனிக்கிழமை. ஒரு நாள் முந்திவிட்டது, செல்லாது. அடுத்தது ஏப்ரல் பதினெட்டு. அது ஞாயிறு, ஆகவே அதற்கும் அடுத்த ஞாயிறு. பாஸ்கா இதைவிடப் பிந்தி வரவே முடியாது. இதற்கு முன் 1886இல் இப்படி வந்தது. இனி 2038இல் வரும். உனக்கு இந்த வருடமா கணக்குப் போடத் தோன்றியது?"

நூற்றைம்பது வருடங்களில் மூன்றே முறை நடக்கிற ஒன்று, சரியாக நான் கணக்குப் போட்ட வருடத்தில். வேறு சமயமாக இருந்தால் அந்தத் தகவலை நாள் முழுக்க ரசித்திருப்பேன். அன்று அக்காவைப் பற்றிச் சொன்னேன். தோட்டத்துக்கு வர அவருக்கு அனுமதிச் சீட்டு கிடைக்காது. நான் கேட்க வந்தது வேறு, கேட்டது வேறு.

"சுவாமி, இத அவகிட்ட சொல்லட்டுமா? சொன்னா மறுபடி எதிர்பார்ப்பா. அவர் வரலேன்னா ரெண்டாவது தடவை தாங்க மாட்டா."

சாமியார் சொன்னார்: "தேதியைச் சொல். அது உண்மை. அவர் வருவார் என்று சொல்லாதே. அது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." அந்த வருடத்து மீதித் திருநாள்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலையே விறகு லாரி திரும்பியது. அக்காவின் பாயருகே உட்கார்ந்து, அட்டவணை நிலாவையும் வானத்து நிலாவையும் சொல்லி முடித்தேன். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அது குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்பினாள், சிரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து உட்கார்ந்து என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"நாப்பது நாள் பட்டினி கெடந்தேன்டி பாவி! படிச்சவ படிச்சவன்னு ஒன்னைய நம்பி!"

பிறகு மெல்லக் கேட்டாள். "இன்னும் எத்தனை நாள்?"

"பதினாலு."

"கஞ்சி இருக்கா?"

செய்தி லயம் முழுக்கப் பரவியது. அண்ணன் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். "டீச்சர், நாங்க போன மாசம் பெரிய வெள்ளிக்கு அழுதோமே, அது?"

"அதுவும் கணக்குல சேரும் அண்ணே."

"கோழி?"

"ஞாயித்துக்கிழமதானே சாப்பிட்டோம். பாவமில்லேன்னு சாமியார் சொன்னாரு."

"பாவத்த யாரு கேட்டா? கோழியக் கேக்கறேன் லா. இன்னொரு பாஸ்காவுக்கு நான் எத அடிக்கிறது?"

அந்தப் பதினாலு நாள்களை இன்றும் என்னால் சரியாக எழுத முடியவில்லை. நாட்குறிப்பில் வரிகள் இருக்கின்றன, ஆனால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பிழையாக வந்த ஒரு திருநாளுக்கும் இன்னும் வராத ஒன்றுக்கும் நடுவில், எந்தக் காலண்டரிலும் இல்லாத ஓர் இடத்தில் நாங்கள் இருந்தோம். அக்கா காலையில் ரப்பர் மரங்களுக்கிடையே சுள்ளி பொறுக்கினாள். தலை வாரிக்கொண்டாள். ஒரு நாள் பாடவும் பாடினாள். நான் ஒவ்வொரு நாளையும் அடித்துவிட்டு, மிச்சத்தைப் பார்த்துப் பயந்தேன்.

ஏப்ரல் 24 நாங்கள் இருவரும் விறகு லாரியில் நகரத்துக்குப் போய், பழைய சந்தில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கினோம். அத்தான் நகரத்துக்குத்தான் முதலில் வருவார் என்பது அக்காவின் எண்ணம். மறுநாள் காலை கோவிலில் ஊதாத் துணிகள் போயிருந்தன. மாதாவுக்கு மறுபடி முகம் இருந்தது. பூசை முழுக்க அக்கா ஆண்கள் பக்கத்தையே பார்த்தாள். ஒவ்வொரு தலையாக, வரிசை வரிசையாக. பீடத்தருகே நன்மை அப்பம் வாங்கப் போகும்போதும் பார்த்தாள், திரும்பும்போதும் பார்த்தாள்.

பூசை கலைந்ததும் வாசலில் போய் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன், எதையும் சொல்லத் துணியாமல். கூட்டம் குறைந்தது. அப்போதுதான் கவனித்தோம், போகாமல் நின்றவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வாசலையும் சாலையையும் பார்த்தபடி ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு, அக்காவைப் பார்த்தாள்.

"ஒங்க வீட்டுக்காரர் எப்ப வர்றேன்னு சொன்னாரு?"

"பாஸ்காவுக்கு."

"எங்க வீட்டுக்காரர் கிறிஸ்மஸுக்குன்னாரு. அப்ப நான்தான் ஒங்களுக்கு மூத்தவ."

அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அக்காவின் கண் ஓரம் நனைந்திருந்தது, ஆனால் உதடு சிரிப்பின் பக்கம் போனது. குழந்தையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் முந்தானையிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்தாள். அக்கா ஒன்றை உரித்து, குழந்தைக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியைத் தின்றாள். நான் மூச்சு விட்டேன்.

அத்தான் வந்தது 1945 அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தப் பெண்ணின் கணவர் வரவில்லை. இது எதுவும் அன்று எங்களுக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் விறகில்லாத லாரியின் பின்தட்டில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தோம். புக்கித் தீமா சாலையின் மரங்கள் எங்களிடமிருந்து பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த பெரிய திருநாள் பெந்தேகோஸ்து என்னைக்கு?"

"ஜூன் பதிமூணு."

"வானத்தப் பாத்துச் சொல்றியா?"

"இல்லக்கா. சாமியார் எழுதிக் கொடுத்தது."

"எடு. நானும் பாக்கறேன்."

தாளை எடுத்துக் கொடுத்தேன். காற்றில் படபடத்த அதை இரண்டு கையாலும் முழங்காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அன்றைய நாளில் தொடங்கி விரல் வைத்து எண்ண ஆரம்பித்தாள்.