ஆறாம் படுக்கையின் தாளம்

மானிட்டரில் ஓடும் கோடுகளுக்கு வைத்திருக்கும் பெயர்களை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வரும். வி-டாக், வி-ஃபிப், ஏ-ஃபிப். செகந்திராபாத்தில் நர்சிங் மூன்றாம் ஆண்டு படித்தபோது, அல்வாலிலிருந்து வரும் பஸ்ஸில் கம்பியில் தொங்கிக்கொண்டே இவற்றை உருப்போட்டேன். வி-டாக் என்றால் இதயத்தின் கீழறை கண்மண் தெரியாத வேகத்தில் அடிப்பது. சில நிமிடத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். ஆர்ட்டிஃபாக்ட் என்றால் ஒன்றுமே இல்லை. நோயாளி அசைந்ததில் கோடு ஆடுவது. திரையில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதை எந்தப் புண்ணியவானும் எனக்கு முதலில் சொல்லவில்லை.

இதய வார்டில் எனக்குக் கொடுத்த ஆறாம் படுக்கைக்காரர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். சர்ச் பாட்டுக் குழுவிலும் நெடுநாள் இருந்தவர். காலை ஜெபம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். வாய்க்குள் பாட்டு, நெஞ்சில் விரல்களால் தாளம். அதுவும் ஒயர் ஒட்டியிருக்கும் இடமாகப் பார்த்து! திரையில் அகல அகலமாக அலை எழும், அலாரம் கத்தும். முதல் நாள் நான் "வி-டாக்!" என்று அலறியதில் டாக்டர், சிஸ்டர்கள், ஷாக் மெஷின் எல்லாம் ஓடி வந்தன. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"கைக்கு பாப்பா இப்படி கத்துற? பாட்டு இன்னும் முடியல." அவர் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும்; 'கைக்கு' என்றால் 'எதுக்கு'.

மறுநாளும் அதே கூத்து. வார்டே சிரித்தது. "தட்டாதீங்க அங்கிள், ப்ளீஸ்" என்று கெஞ்சினேன்.

"தாளம் இல்லாம எப்படிம்மா பாடுறது?"

அழாத குறையாக நகர்ந்தேன்.

மூன்றாம் நாள் டியூட்டர் மேடம் கேள்வி கேட்க வந்தார். தப்பாகச் சொன்னால் அதே வார்டில் இன்னொரு மாதம். படுக்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையையே பார்த்து நின்றேன். அலாரம் அடித்தது. அகல அலைகள்.

"என்ன இது?"

அப்பாடா, தெரிந்த கேள்வி. "ஆர்ட்டிஃபாக்ட் மேடம். அங்கிள் தாளம் போடுறார்" என்று சொல்லி, அலாரத்தையும் நானே அமுக்கினேன்.

மேடம் என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் படுக்கைக்குப் பாய்ந்தார். அப்போதுதான் திரும்பினேன். அங்கிளின் இரண்டு கைகளும் போர்வைமேல் சும்மா கிடந்தன.

ஒரே ஷாக்கில் பிழைத்துக்கொண்டார். எனக்கு இன்னொரு மாதம் கிடைத்தது, நியாயம்தான். அவர் எழுந்து உட்கார்ந்த அன்று, நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். திட்டியிருந்தால் தேவலை.

"இனிமே தாளம் நக்கோ பாப்பா, வேணாம்" என்று சொல்லி, கைகளைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவர் உதடு மட்டும் அசைந்தது. அலாரம் அடிக்கவில்லை. இதற்குத்தான் நான் அப்படிக் கெஞ்சியிருந்தேன்.